விமானம் திரும்பும்போது இறக்கையில் என்ன நடக்கிறது? வாசகர் கேள்வி பதில்

இறக்கையின் தாக்குகோணம் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை திருப்பத்தைச் சுற்றியே இருந்தன. பயிற்சி விமானிகள், கிளைடர் ஓட்டுபவர்கள், மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கையையே பார்த்துக்கொண்டு வரும் பயணிகள் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். கணக்குகளுக்கு ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொள்கிறோம்: ஒற்றை எஞ்சின், 11 மீட்டர் இறக்கை வீச்சு, நேர்ப்பறப்பில் ஸ்டால் வேகம் (காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிவதே ஸ்டால்) 50 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), தூக்குக் கெழுவின் (இறக்கையின் தூக்குத் திறனைக் குறிக்கும் எண்) உச்சம் 1.6. தாக்குகோணம் ஒரு டிகிரி கூடினால் அந்தக் கெழு ஏறத்தாழ 0.08 கூடும்.

இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோட்டை நாண் என்கிறோம். அந்த நாணுக்கும், இறக்கையை எதிர்கொண்டு வரும் காற்றின் திசைக்கும் இடைப்பட்ட கோணம் தாக்குகோணம். தரையும் தொடுவானமும் இந்த வரையறையில் வரவே இல்லை. கீழே வரும் குழப்பங்களில் பாதி இதை மறப்பதால் வருவதுதான்.

கேள்வி: விமானம் சாய்ந்து திரும்பும்போது தாக்குகோணம் கூடும் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, மாறாது என்று இன்னொன்று. எது சரி?

விமானி என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. வெறும் சாய்வு தாக்குகோணத்தை மாற்றாது. ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுக் கோல்) பின்னால் இழுக்காமல் 45 டிகிரி சாய்த்து நிறுத்தினால், முதல் நொடியில் இறக்கை பழைய கோணத்திலேயே இருக்கும். ஆனால் தூக்குவிசை சாய்ந்துவிட்டது. அதில் ஒரு பங்கு விமானத்தைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்கிறது. எடையைத் தாங்க மிஞ்சுவது முன்பிருந்ததில் 71 விழுக்காடுதான். எனவே உயரம் கரையத் தொடங்கும், மூக்கு தாழும், வேகம் ஏறும்.

உயரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மொத்தத் தூக்குவிசை கூட வேண்டும். எத்தனை மடங்கு என்பதை 1-ஐச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் வகுத்துப் பெறலாம்: 30 டிகிரிக்கு 1.15, 45 டிகிரிக்கு 1.41, 60 டிகிரிக்கு 2, 75 டிகிரிக்கு 3.86. இதையே பளுக்காரணி அல்லது 'ஜி' என்கிறோம். வேகம் மாறாமல் இந்தக் கூடுதலைத் தர இறக்கைக்கு இருப்பது ஒரே வழி, தாக்குகோணம்.

நம் விமானம் 100 நாட் வேகத்தில் நேராகப் பறந்தால் தூக்குக் கெழு 0.4. தூக்கு பூஜ்யமாகும் நிலையிலிருந்து அளந்தால் கோணம் 5 டிகிரி. அதே வேகத்தில் 30 டிகிரி சாய்வுக்கு முக்கால் டிகிரி கூட்டினால் போதும். 45 டிகிரி சாய்வுக்கு 2 டிகிரி. 60 டிகிரி சாய்வுக்கு முழுதாக 5 டிகிரி, அதாவது கோணமே இரட்டிப்பாகிறது. இதையே 70 நாட்டில் செய்து பாருங்கள். நேர்ப்பறப்பிலேயே கோணம் 10 டிகிரி ஆகிவிடுகிறது. 30 டிகிரி சாய்வுக்கு ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் வேண்டும், 45-க்கு நான்கு டிகிரிக்கு மேல். 60 டிகிரி சாய்வுக்குத் தேவையான கெழு 1.63, இறக்கையால் தர முடிந்ததோ 1.6. விமானம் ஒன்றுதான், சாய்வும் ஒன்றுதான். 100 நாட்டில் நிம்மதியாக முடிந்த திருப்பம் 70 நாட்டில் முடியவே முடியாது.

இத்துடன் ஒரு சங்கிலியும் சேர்ந்துகொள்கிறது. தூக்குவிசையை உண்டாக்குவதால் பிறக்கும் இழுவை, பளுக்காரணியின் வர்க்கமாக ஏறும். 60 டிகிரி சாய்வில் அது நான்கு மடங்கு. த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) முன்னே தள்ளாவிட்டால் வேகம் குறையும். குறைந்த வேகத்தில் உயரம் காக்க இன்னும் இழுக்க வேண்டும். இழுத்தால் இழுவை இன்னும் ஏறும். செங்குத்தான திருப்பத்தைப் பழகும்போது 30 டிகிரியைத் தாண்டும் தருணத்திலேயே சக்தியைக் கூட்டச் சொல்வது இதனால்தான். வேகம் விழுந்த பிறகு கூட்டினால் சங்கிலியைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: 60 டிகிரி சாய்ந்தால் ஸ்டால் வேகம் 41 விழுக்காடு கூடுகிறது. அப்படியானால் ஸ்டால் ஆவதற்குச் சாய்வுதானே காரணம்?

இல்லை. பளுதான் காரணம். ஸ்டால் ஆகும் தாக்குகோணம் நேர்ப்பறப்பிலும் திருப்பத்திலும் ஒன்றேதான். சாதாரணச் சிறு விமான இறக்கைகளில் பெரும்பாலும் 15 முதல் 18 டிகிரிக்குள் இருக்கும். திருப்பத்தில் இறக்கை சுமக்கும் பளு ஏறுவதால், அந்தக் கோணத்தை அதிக வேகத்திலேயே தொட்டுவிடுகிறோம். ஸ்டால் வேகம் பளுக்காரணியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும்: 30 டிகிரியில் 7 விழுக்காடு, 45-இல் 19, 60-இல் 41 கூடும். நம் விமானத்துக்கு 50 நாட் என்பது முறையே 53.7, 59.5, 71 நாட் ஆகிறது.

60 டிகிரி சாய்வில் ஸ்டிக்கைத் தளர்த்தி, இருக்கையில் உடல் லேசாவதை உணரும் அளவுக்குப் பளுவைக் குறைத்தால் ஸ்டால் வேகம் 50 நாட்டுக்கும் கீழே போகும். ஆனால் அப்போது விமானம் கீழ்நோக்கி முடுக்கம் பெற்றுக்கொண்டிருக்கும். அது சில நொடிகளுக்கான சலுகை மட்டுமே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் கண்டிப்பாகத் திருத்த வேண்டும். 'நான் இறங்கிக்கொண்டே திரும்புகிறேன், உயரம் காக்கவில்லை, அதனால் பளு ஏறாது' என்று சிலர் நினைக்கிறார்கள். சீரான வேகத்தில், சீரான விகிதத்தில் இறங்கும் திருப்பத்தில், சமமட்டத் திருப்பத்தின் பளுக்காரணியை இறங்குகோணத்தின் கோசைனால் பெருக்க வேண்டும். 6 டிகிரி இறக்கத்தில் அந்தக் கோசைன் 0.995. லாபம் அரை விழுக்காடு. தரையிறங்கும் முன் வரும் கடைசித் திருப்பத்தில் அந்த எண்ணத்தை நம்பக் கூடாது.

கேள்வி: செங்குத்தான திருப்பத்தில் என் மூக்கு தொடுவானத்துக்கு மேல் 4 டிகிரிதான் இருக்கிறது. இவ்வளவு தாழ்ந்த மூக்குடன் இறக்கை ஸ்டாலுக்கு அருகில் இருக்க முடியுமா?

தாராளமாக முடியும். இது இந்த மாதம் வந்த கேள்விகளில் மிக முக்கியமானது.

தாக்குகோணம் இருப்பது விமானத்தின் சமச்சீர்த் தளத்தில். விமானம் சாயும்போது அந்தத் தளமும் சேர்ந்து சாய்கிறது. நேர்ப்பறப்பில் விமான அச்சு காற்றோடு 8 டிகிரி கோணத்தில் இருந்தால் அந்த 8 டிகிரியும் தொடுவானத்துக்கு மேலே தெரியும். 60 டிகிரி சாய்ந்து, உயரம் மாறாமல், பந்து (பக்கவாட்டு வழுக்கலைக் காட்டும் கருவியின் பந்து) நடுவில் இருக்கத் திரும்பும்போது அதே 8 டிகிரியில் மேல்நோக்கித் தெரிவது 4 மட்டுமே. மீதி எங்கே? மூக்கு பறக்கும் பாதையைவிடத் திருப்பத்தின் உட்பக்கமாகச் சுமார் 7 டிகிரி திரும்பி நிற்கிறது. கண்ணாடி வழியே பார்க்கும் விமானிக்கு அது 'மூக்கு உயர்ந்திருக்கிறது' என்று தோன்றுவதில்லை, 'நன்றாகத் திரும்புகிறது' என்றுதான் தோன்றும்.

எனவே மூக்கின் உயரத்தை வைத்துத் தாக்குகோணத்தை ஊகிக்கும் பழக்கம் சாய்வு கூடக்கூட உங்களைக் கைவிடும். அதைவிட நம்பகமான அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஸ்டிக் எவ்வளவு பின்னால் வந்திருக்கிறது, எவ்வளவு அழுத்தத்தில் பிடித்திருக்கிறீர்கள் என்பது எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) நிலையைச் சொல்லும். எலிவேட்டரின் நிலை தாக்குகோணத்தை ஏறத்தாழச் சொல்லிவிடும்.

'ஏறத்தாழ' என்பதற்குக் காரணம் உண்டு. திருப்பத்தில் விமானம் வளைபாதையில் போவதால் வால் பகுதி கீழ்நோக்கி வீசப்படுகிறது. அங்கே காற்று இன்னும் செங்குத்தாகக் கீழிருந்து வருகிறது. நம் விமானம் 100 நாட்டில் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது, ஈர்ப்புமையத்திலிருந்து வால் இறக்கை 4.5 மீட்டர் பின்னால் இருந்தால், அது உணரும் கூடுதல் கோணம் 1.4 டிகிரி. இது மூக்கைத் தாழ்த்தப் பார்க்கும். அதைச் சமன் செய்ய எலிவேட்டரை நேர்ப்பறப்பைவிடச் சற்று அதிகமாக உயர்த்த வேண்டும். ஒரே தாக்குகோணத்துக்குத் திருப்பத்தில் ஸ்டிக் கூடுதலாகப் பின்னால் இருப்பது இதனால்தான். பிழை பாதுகாப்பான பக்கத்தில் விழுகிறது என்பது நல்ல செய்தி.

கேள்வி: திருப்பத்தில் உள் இறக்கைக்கும் வெளி இறக்கைக்கும் தாக்குகோணம் வேறுபடுமா? எது முதலில் ஸ்டால் ஆகும்?

இதில் வேகம், கோணம் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் கலந்துவிடுகிறார்கள்.

முதலில் வேகம். 70 நாட், 30 டிகிரி சாய்வு என்றால் திருப்பத்தின் ஆரம் சுமார் 230 மீட்டர். வெளி நுனி நடுவிலிருந்து கிடைமட்டமாக 4.8 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே வெளி நுனி 2 விழுக்காடு வேகமாகவும் உள் நுனி 2 விழுக்காடு மெதுவாகவும் போகின்றன. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும் என்பதால் நுனிகளில் அது 4 விழுக்காடு கூடியும் குறைந்தும் இருக்கும். வெளி இறக்கை மேலேற முயலும், சாய்வு தானாகவே கூடப் பார்க்கும். விமானி எய்லரானை (விமானத்தைச் சாய்க்கும், இறக்கை நுனியருகே உள்ள மடல்) எதிர்ப்பக்கம் லேசாகப் பிடித்து இதைத் தடுக்கிறார்.

இனி கோணம். உயரம் மாறாத, பந்து நடுவில் உள்ள திருப்பத்தில் காற்று இரண்டு இறக்கைகளையும் ஒரே கோணத்தில்தான் சந்திக்கிறது. வேறுபாட்டை உண்டாக்குவது நாம் பிடித்திருக்கும் எதிர் எய்லரான்தான். உள் இறக்கையின் எய்லரான் கீழே இறங்கியிருப்பதால் அந்தப் பகுதியின் நாண் சாய்ந்து, கோணம் கூடியதுபோல் ஆகிறது. மெதுவாகப் போகும் இறக்கைதான் அதிகக் கோணத்தில் உழைக்கிறது.

இறங்கும் திருப்பத்தில் நிலைமை மாறும். சுழல் படிக்கட்டில் நடுத்தூணை ஒட்டி இறங்குபவருக்கும் வெளி ஓரமாக இறங்குபவருக்கும் உயரம் ஒன்றுதான். தூணை ஒட்டி இறங்குபவர் நடக்கும் தூரம் குறைவு, அதனால் சரிவு அதிகம். உள் இறக்கையும் அப்படித்தான் இறங்குகிறது. அதற்குக் காற்று இன்னும் கீழிருந்து வருவதால் தாக்குகோணம் வெளி இறக்கையைவிட அதிகம். ஏறும் திருப்பத்தில் இது தலைகீழாகும்: உள் இறக்கை செங்குத்தாக ஏறுவதால் அதன் கோணம் குறையும், வெளி இறக்கையின் கோணம் அதிகமாக இருக்கும்.

அளவு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுவோம், ஏனென்றால் இதைப் பெரிதாக்கி எழுதும் வழக்கம் இருக்கிறது. மேலே சொன்ன 70 நாட் திருப்பத்தில் 6 டிகிரி சரிவில் இறங்கினால், நுனியில் வரும் மாற்றம் சுமார் 0.15 டிகிரி. வேகத்தால் வந்த 4 விழுக்காட்டை ஈடுகட்டக் கிட்டத்தட்ட 0.5 டிகிரி தேவைப்படும். எனவே மெதுவான, மென்மையான இறக்கத்தில் சாய்வு தானாகக் கூடும் போக்கு குறையும், மறையாது. வேகமாகவும் செங்குத்தாகவும் இறங்கும்போது கோணத்தின் பங்கு மிஞ்சிவிடும். அப்போது சாய்வு தானாகக் குறையப் பார்ப்பதால், திரும்பும் பக்கமாகவே எய்லரானைப் பிடிக்க வேண்டி வரலாம். ஏறும் திருப்பத்தில் வேகமும் கோணமும் இரண்டும் வெளி இறக்கைக்கே சாதகம். அங்கேதான் எதிர் எய்லரான் மிக அதிகமாகத் தேவைப்படும்.

ஸ்டால் ஆனால்? பந்து நடுவில் இருக்க, ஏறும் திருப்பத்தில் அதிகக் கோணத்தில் உள்ள வெளி இறக்கை முதலில் விழும். அதனால் விமானம் முதலில் மட்டத்தை நோக்கியே உருளும். சரிசெய்ய நேரம் கிடைக்கிறது. இறங்கும் திருப்பத்தில் உள் இறக்கை விழும், சாய்வு இன்னும் கூடும். ஆனால் பந்து நடுவில் இல்லையென்றால் இந்த நுண்ணிய கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும். ரட்டரால் (மூக்கை இட வலமாகத் திருப்பும் செங்குத்து வால் மடல்) வரும் விளைவு இவற்றைவிடப் பெரியது. உதாரணமாக, விமானி இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும் ப்ரொப்பெல்லர் முழுச் சக்தியில் மூக்கை இடப்பக்கம் இழுக்கும். ஏறும் இடத் திருப்பத்தில் வலது ரட்டரை மறந்தால் அது ஸ்கிட் (பந்து திருப்பத்தின் வெளிப்பக்கம் ஓடும் வழுக்கல்) ஆகிவிடும். மேலே சொன்னதற்கு மாறாக இடது இறக்கை, அதாவது உள் இறக்கை விழும்.

கேள்வி: சாய்வை உருட்டிப் போடும் அந்த ஓரிரு நொடிகளில் தாக்குகோணம் என்ன ஆகிறது?

திருப்பத்தின் மற்ற எந்தக் கட்டத்தையும்விட இங்கேதான் வேறுபாடு பெரிது. கீழே இறங்கும் இறக்கைக்குக் காற்று கீழிருந்து வருகிறது, கோணம் கூடும். மேலே ஏறும் இறக்கைக்குக் குறையும். 70 நாட்டில் நொடிக்கு 30 டிகிரி வீதம் உருண்டால் நுனிகளில் இந்த மாற்றம் 4.6 டிகிரி. இந்த மாற்றம்தான் உருளலைத் தடுத்து நிறுத்தும் இயற்கையான பிரேக். எய்லரானை நடுவுக்குக் கொண்டுவந்ததும் உருளல் நின்றுவிடுவது இதனால்தான்.

இதே மாற்றம் ரட்டரையும் கேட்கிறது. இறங்கும் இறக்கையின் தூக்குவிசை சற்று முன்னோக்கிச் சாய்கிறது, ஏறும் இறக்கையினுடையது பின்னோக்கி. கீழிறங்கிய எய்லரானின் கூடுதல் இழுவையும் சேர, மூக்கு திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடும். எய்லரான் போடும்போதே அதே பக்க ரட்டரும், எய்லரானை எடுக்கும்போதே ரட்டரைத் தளர்த்துவதும் வேண்டும். மெதுவான வேகத்தில் கோணம் அதிகம் என்பதால் ரட்டரின் தேவையும் அதிகம்.

ஸ்டாலின் விளிம்பில் அந்த பிரேக் தலைகீழாகிறது. இறங்கும் இறக்கையின் கோணம் எல்லையைத் தாண்டினால் தூக்குவிசை கூடுவதற்குப் பதில் குறையும். அது மேலும் இறங்கும், கோணம் மேலும் கூடும். இந்தத் தானியங்கிச் சுழற்சிதான் ஸ்பின்னின் (ஸ்டால் ஆன விமானம் சுழன்றபடி விழுவது) இயந்திரம்.

கேள்வி: ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பத்தில் உள் ரட்டரை மிதிக்காதே என்று ஆசிரியர் கத்துகிறார். அது ஏன் அவ்வளவு ஆபத்து?

கத்துவது நியாயம். நிகழும் வரிசையைப் பாருங்கள்.

ஓடுபாதைக்குக் குறுக்கே பறக்கும் கட்டத்தில் பின்காற்று இருக்கிறது. தரைமீது வேகம் கூடுதல் என்பதால் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம். தாழ்ந்த உயரத்தில் இன்னும் சாய்க்கப் பயம். மூக்கை மட்டும் திருப்பிக்கொள்ளலாம் என்று உள் ரட்டரை மிதிக்கிறோம். வெளி இறக்கை வேகம் பெற்று உயர, சாய்வு கூடுகிறது. அதைத் தடுக்க எய்லரானை எதிர்ப்பக்கம் போடுகிறோம். இதனால் உள் இறக்கையின் எய்லரான் கீழே இறங்கி அதன் கோணத்தை ஏற்றுகிறது. ரட்டர் மூக்கையும் தாழ்த்துகிறது. நாம் ஸ்டிக்கை இழுக்கிறோம், இரண்டு இறக்கைகளின் கோணமும் ஏறுகிறது. இப்போது உள் இறக்கை மெதுவாகவும் இருக்கிறது, அதிகக் கோணத்திலும் இருக்கிறது, அதன் எய்லரானும் கீழே இருக்கிறது. ஸ்டால் அங்கேதான் தொடங்கும். விமானம் உட்பக்கமாகப் புரண்டு ஸ்பின்னுக்குள் போகும். இந்தத் திருப்பம் பெரும்பாலும் தரையிலிருந்து சுமார் 500 அடி உயரத்தில் நடக்கிறது. சிறு விமானம் ஸ்பின்னிலிருந்து மீள அந்த உயரம் போதாது.

ஸ்டாலுக்கு முன் மூக்கு உயர்ந்து எச்சரிக்கவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தாழ்ந்த மூக்கு, மிதமான சாய்வு, பார்வைக்கு எல்லாம் சரி. சொல்லிக் கொடுப்பது இரண்டுதான்: பக்கவாட்டில் ஓடிய பந்து, பின்னால் வந்துவிட்ட ஸ்டிக்.

இதற்கு மாறாக, பந்து உட்பக்கம் ஓடும் ஸ்லிப்பில் பெரும்பாலும் மேலே உள்ள வெளி இறக்கை முதலில் விழும். விமானம் மட்டத்தை நோக்கி உருளும். அதற்காக ஸ்லிப்பில் ஸ்டால் பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; விளைவு சற்று மெதுவாக வருகிறது, அவ்வளவே.

செய்ய வேண்டியவை. ஸ்டால் வேகத்தைப்போல் 1.3 மடங்கு வேகத்தை விடாமல் பிடியுங்கள். நம் விமானத்துக்கு 65 நாட். 30 டிகிரி சாய்வில் அப்போதும் ஸ்டாலுக்கு மேல் 21 விழுக்காடு இடைவெளி இருக்கும். அதே 65 நாட்டில் சாய்வு 54 டிகிரியை எட்டினால் இடைவெளி பூஜ்யம். சாய்வுக்கு 30 டிகிரியை எல்லையாக வையுங்கள். பந்து எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்க ரட்டரை மிதியுங்கள். பின்காற்று உள்ள நாளில் திருப்பத்தைச் சீக்கிரம் தொடங்குங்கள். 30 டிகிரிக்குள் நேர்கோட்டைப் பிடிக்க முடியாவிட்டால் தாண்டிப் போக விடுங்கள், சக்தி கொடுத்து ஏறி மறுபடி சுற்றி வாருங்கள். இறக்கையை வற்புறுத்தி அந்தக் கோட்டுக்கு இழுத்து வருவதைவிட அது எப்போதும் மேல்.

திருப்பத்தில் ஸ்டால் எச்சரிக்கை ஒலித்தால் முதலில் ஸ்டிக்கை முன்னே தளர்த்துங்கள். சாய்ந்திருக்கும் நிலையிலேயே கோணத்தைக் குறைக்க வேண்டும். இறக்கை பறக்கத் தொடங்கிய பிறகே எய்லரானும் ரட்டரும் சேர்த்து மட்டத்துக்கு வாருங்கள், சக்தியைக் கொடுங்கள். முதலில் எய்லரானால் மட்டமாக்கப் போனால் விழும் இறக்கையின் எய்லரானைக் கீழே இறக்கி அதன் கோணத்தை இன்னும் ஏற்றுகிறீர்கள்.

கேள்வி: மூக்கு கீழே, விமானம் சுற்றுகிறது. ஸ்பின்னா, சுருள் பாய்ச்சலா என்று எப்படித் தெரியும்?

வேகமானியைப் பாருங்கள். ஸ்பின்னில் தாக்குகோணம் எல்லைக்கு மேல் இருப்பதால் வேகம் குறைவாகவே, பெரிதும் ஏறாமல் நிற்கும். சுருள் பாய்ச்சலில் இறக்கை பறந்துகொண்டுதான் இருக்கிறது. வேகமும் பளுவும் ஏறிக்கொண்டே போகும். சுருளில் சக்தியைக் குறைத்து, முதலில் இறக்கைகளை மட்டமாக்கி, பிறகு மெல்ல இழுக்க வேண்டும். சாய்ந்தபடியே இழுத்தால் சுருள் இறுகும், சட்டகம் உடையும் அளவுக்குப் பளு ஏறலாம். ஸ்பின்னுக்குப் பொதுவான வரிசை: சக்தி முழுவதும் குறைப்பு, எய்லரான் நடுவில், சுழற்சிக்கு எதிர் ரட்டர் முழுவதும், ஸ்டிக் முன்னே, சுழற்சி நின்றதும் ரட்டர் நடுவில், பிறகு மென்மையாக மீட்பு. உங்கள் விமானத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: கிளைடரில் மேலெழும் வெப்பக் காற்றோட்டத்தில் சுற்றும்போது எதிர் எய்லரான் இவ்வளவு தேவைப்படுவது ஏன்?

நீண்ட இறக்கை, குறைந்த வேகம், சிறிய வட்டம். மூன்றும் வேறுபாட்டைப் பெருக்குகின்றன. 15 மீட்டர் வீச்சுள்ள கிளைடர் 50 நாட்டில் 45 டிகிரி சாய்ந்தால் ஆரம் 67 மீட்டர்தான். உள் நுனி 46 நாட்டிலும் வெளி நுனி 54 நாட்டிலும் போகின்றன. நுனிகளில் தூக்குவிசை 16 விழுக்காடு வரை வேறுபடப் பார்க்கும்; எதிர் எய்லரான் இல்லாமல் முடியாது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஏறுகாற்றுக்குள் நுழையும் கணம். நொடிக்கு 3 மீட்டர் ஏறும் காற்று இந்த வேகத்தில் தாக்குகோணத்தை ஒரு கணம் ஆறரை டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். நெருக்கமான சுற்றில் ஸ்டாலுக்கு ஒட்டிப் பறந்தால் அந்த ஒரு தள்ளலே போதும். காற்று குலுக்கும் நாளில் சில நாட் கூடுதலாகப் பறப்பது ஏற்றத்தில் சிறிது இழப்பு, ஆனால் தர வேண்டிய விலைதான்.

கேள்வி: என் மாதிரி விமானம் காற்றின் திசைக்குத் திரும்பும்போதெல்லாம் இறக்கை நுனி விழுகிறது. பின்காற்று இறக்கையின் வேகத்தைத் தின்றுவிடுகிறதா?

சீராக வீசும் காற்று விமானத்தையும் சேர்த்தே சுமந்து போகிறது. இறக்கை உணரும் வேகத்தையும் கோணத்தையும் அது மாற்றாது. தரையில் நிற்கும் உங்கள் கண்தான் காரணம். பின்காற்றில் மாதிரி வேகமாக ஓடுவதுபோல் தெரிவதால் த்ராட்டிலைக் குறைக்கிறீர்கள், எலிவேட்டரை இழுக்கிறீர்கள். திருப்பத்தில் அந்த இரண்டும் சேர்ந்தால் நுனி விழும். தரைக்கு அருகே உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறுவது மட்டும் உண்மையான விளைவு. அதற்குக் கூடுதல் வேகமே மருந்து.

திரும்பும் முன் த்ராட்டிலைச் சற்றுக் கூட்டி, எலிவேட்டரைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் ஈர்ப்புமையம் பின்னால் இருக்கிறதா என்று சோதியுங்கள். பின்னால் இருந்தால் சிறு எலிவேட்டர் அசைவே கோணத்தை அதிகம் ஏற்றும். இறக்கையைப் புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் நுனியை அடியைவிட 2 முதல் 3 டிகிரி தாழ்த்தி முறுக்கி வையுங்கள். அடி முதலில் ஸ்டால் ஆகும், எய்லரான் உள்ள நுனி கடைசிவரை பறக்கும்.

கேள்வி: பெரிய பயணிகள் விமானத்தில் இந்தக் கவலை உண்டா?

வழக்கமான திருப்பம் 25 டிகிரிக்குள் முடிந்துவிடும். பளு 10 விழுக்காடு, ஸ்டால் வேகம் 5 விழுக்காடு மட்டுமே கூடும். ஏர்பஸ் ஏ320 இயல்பான கட்டுப்பாட்டு நிலையில் இருக்கும்போது 33 டிகிரி சாய்வு வரை தேவையான தாக்குகோணத்தைக் கணினியே கூட்டிக்கொடுக்கும்; விமானி பின்னால் இழுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் சாய்த்து ஸ்டிக்கை விட்டால் 33-க்குத் திரும்பிவிடும். முழுவதும் பிடித்திருந்தாலும் 67 டிகிரியில் நின்றுவிடும். உயரம் மாறாத திருப்பத்தில் 2.5 ஜி-க்கு ஒத்த சாய்வு அது. தாக்குகோணப் பாதுகாப்பு செயல்படத் தொடங்கிவிட்டால் சாய்வின் எல்லை 45 டிகிரியாகச் சுருங்கும்.

உயரே பறக்கும்போது இன்னொரு எல்லை வருகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் இறக்கையில் காற்று மிகச் சிறிய தாக்குகோணத்திலேயே பிரிந்து அதிரத் தொடங்கும். எனவே பறக்கும் உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 1.3 ஜி வரை அதிர்வு வராத இடைவெளி விட்டு வைப்பார்கள். அது 40 டிகிரி சாய்வுக்குச் சமம். கனமான விமானத்தை அளவுக்கு மீறி உயரே கொண்டுபோனால், சாதாரணத் திருப்பத்துக்கும் அதிர்வுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் முதலில் காலியாகும்.

கேள்வி: தாக்குகோணக் காட்டி வாங்கிப் பொருத்தினால் திருப்பத்தில் அதை மட்டும் நம்பலாமா?

பொருத்துவது நல்லது. வேகமானி காட்டும் ஸ்டால் வேகம் எடைக்கும் பளுவுக்கும் ஏற்ப மாறும். கோணக் காட்டியின் எல்லையோ ஃப்ளாப் (மெதுவான வேகத்தில் தூக்கைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடல்) நிலை மாறாதவரை ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் அது அளப்பது தான் பொருத்தப்பட்ட இடத்தை மட்டுமே. பல சிறு விமானங்களில் ஸ்டால் எச்சரிக்கை உணரி இடது இறக்கையில் மட்டும் இருக்கிறது. வலப்பக்கம் ஸ்கிட் ஆகித் திரும்பும்போது முதலில் ஸ்டால் ஆவது வலது இறக்கை. இடது இறக்கையின் உணரி தாமதமாகக் குரல் கொடுக்கலாம். காட்டியைப் பொருத்தியதும் ஃப்ளாப்பின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே அளவு திருத்துங்கள். பாதுகாப்பான உயரத்தில், பயிற்றுநர் உடனிருக்க, நேர்ப்பறப்பில் ஒரு முறையும் 30 டிகிரி சாய்வில் இரு பக்கமும் ஒவ்வொரு முறையும் ஸ்டாலை நெருங்கி, காட்டி ஒரே இடத்தில் எச்சரிக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இட வலத் திருப்பங்களில் வேறுபட்டால் முதலில் பந்தைப் பாருங்கள். பந்து நடுவில் இருந்தும் வேறுபாடு நீடித்தால் உணரி பொருந்திய கோணத்தைச் சரிபார்க்க வேண்டும்.